நேசமணியின் தலையும் நம் நாவும்

மீம் என்பது அரபி நெடுங்கணக்கில் 24-ஆம் எழுத்து. இதழ்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றி அவ்வொலி பிறவாது. மதரஸாவில் ஓதவரும் சிறுவர்களுக்கு லாமுக்குப் பின் மீம், மீமுக்குப் பின் நூன் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். சில ஆண்டுகளாக அந்த எழுத்து வந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் அறிந்த மீம் வேறு. திரைப்படக் காட்சி ஒன்றைக் கைபேசியில் நிறுத்திப் படமாக்கி, மேலும் கீழும் இரண்டு வரி எழுதி, நண்பர்களுக்கு அனுப்பும் கேலிச் சித்திரமே அவர்களுக்கு மீம். தாய்மார்களுக்கும் இன்று அது தெரியாததன்று. குடும்பத்து வாட்ஸ்அப் குழுக்களில் காலை ஸலாமுக்கு அடுத்தபடியாக வந்து விழுவது பெரும்பாலும் அதுவே.

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றவுடன், ‘மார்க்க விஷயங்கள் எவ்வளவோ இருக்க, இதெல்லாம் ஒரு பொருளா?’ என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் கைபேசியிலும் அன்று காலை வந்த படம் ஒன்று இருந்தது. எனக்கும் அதைக் காட்டினார். நன்றாகவே சிரித்தோம். ஆகவே இது மார்க்கத்திற்குப் புறம்பான பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது. நாள்தோறும் நம் கையிலும் நாவிலும் புழங்கும் ஒன்றைப் பற்றி மார்க்கம் பேசாமல் வேறு எது பேசும்?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ரிச்சர்டு டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் 1976-இல் வெளியிட்ட ஒரு நூலில்தான் இச்சொல் முதன்முதலாக வந்தது. ‘போலச் செய்தல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லைச் சுருக்கி அவர் அதை ஆக்கினார். பெற்றோரின் சாயல் மரபணு வழியாகப் பிள்ளைக்கு வருவதுபோல, ஒரு ராகம், ஒரு பழமொழி, ஓர் உடைப்பாணி ஆகியன ஒருவர் மனத்திலிருந்து மற்றவர் மனத்திற்குப் பார்த்துச் செய்வதன் மூலமே தாவுகின்றன. செல்லும் வழியில் சற்று மாறவும் செய்கின்றன. வலுவுள்ளது நிற்கிறது, அல்லாதது மறைகிறது என்பது அவர் கருத்து. இறைவனை மறுப்பவர் அவர். சமய நம்பிக்கையையும் அவ்வாறு தொற்றிப் பரவும் பொருள்களின் பட்டியலிலேயே சேர்த்தார். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் கேலிப்படம் பரவும் முறைக்கு அவர் சொன்ன விளக்கம் மிகவும் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதி. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து, பிரதமர் மோடி இரண்டாம் முறையாக மே 30 அன்று பதவியேற்க இருந்தார். இந்தியாவெங்கும் அதுவே பேச்சு. அவ்வேளையில், கட்டடப் பொறியியல் பயில்வோருக்காகப் பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு முகநூல் பக்கத்தில் ஒரு சுத்தியலின் படம் வெளியாகி, ‘உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் என்ன?’ என்ற கேள்வியும் கேட்கப்பட்டிருந்தது. பல நாட்டவரும் தத்தம் மொழியில் பதில் எழுதினர். தமிழர் ஒருவர் எழுதிய பதிலின் சாரம் இது: இதன் பெயர் சுத்தியல், இதனால் அடித்தால் ‘டங் டங்’ என்று ஓசை எழும், ஜமீன் மாளிகையில் பெயின்டிங் கான்டிராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது, பாவம் அந்த மனிதர்.

நேசமணி என்று ஒரு மனிதர் உலகில் இல்லை. 2001-ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ என்ற திரைப்படத்தில் நடிகர் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. ஒரு பெரிய மாளிகைக்கு வெள்ளையடிக்கும் ஒப்பந்தக்காரராக அவர் வருகிறார். உடன் வேலை செய்யும் உறவுக்கார இளைஞன் மேலிருந்து தவறவிடும் சுத்தியல் அவருடைய தலையில் வந்து விழுகிறது. பதிலெழுதியவர் இதை முகத்தில் சிரிப்பின் சாயலே இன்றி, நடந்த செய்தியைப் போல எழுதினார். அதைக் கண்ட மற்றொரு தமிழர், ‘இப்போது அவர் நலமா?’ என்று அதே முகபாவத்தோடு விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஆங்கில ஹேஷ்டேக் ஒன்று ட்விட்டரில் கிளம்பியது. மே 29 இரவுக்குள் அது இந்தியாவில் முதலிடத்தை எட்டி, உலக அளவிலும் முன்னணிக்கு வந்துவிட்டது. பதவியேற்பு விழாச் செய்தியை ஒரு சுத்தியல் பின்னுக்குத் தள்ளியது!

மருத்துவமனை வாயிலில் தொண்டர்கள் கூடி நிற்பதுபோல் படங்கள். ‘தலையில் கட்டுப் போடப்பட்டுள்ளது, கண் விழித்தார்’ என்று மருத்துவ அறிக்கைகள். சுத்தியலைத் தவறவிட்டவனைக் கைது செய்யவேண்டும் என்ற கோரிக்கைகள். வணிக நிறுவனங்களும் தங்கள் சரக்கை அதில் நுழைத்து விளம்பரம் தேடிக்கொண்டன. தமிழறியாத வடநாட்டவர்கள் பலர், ‘யார் இந்த நேசமணி? பெரிய தலைவரா?’ என்று திகைத்தனர். சிலர் உண்மையென்றே நம்பி அனுதாபமும் தெரிவித்தனர்.

திரைப்படத்தைப் பரிந்துரைக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆயினும் ஹதீஸ் கலை பயின்றவன் என்ற முறையில், எந்தச் செய்தியைக் கண்டாலும் அதன் ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரைத் தேடும் பழக்கம் விடுவதில்லை. நேசமணியின் ஸனதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் சுவையான இடத்தில் போய் நிற்கிறது. தமிழ்ப் படம் 2001-இல் வந்தது. அதற்கு மூலம் 1999-இல் அதே பெயரில் வந்த மலையாளப் படம். அங்கே இந்த வெள்ளையடிப்பவராக நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். இரண்டையும் இயக்கியவர் சித்தீக் என்ற கொச்சி நகரத்து முஸ்லிம். 2023 ஆகஸ்டில் காலமானார். அவர் திரைத்துறைக்கு வருமுன் கொச்சி கலாபவன் என்ற குழுவில் மிமிக்ரி, அதாவது பிறர் குரலையும் நடையையும் போலச் செய்து காட்டும் கலையில் ஈடுபட்டிருந்தவர். ‘போலச் செய்தல்’ என்று டாக்கின்ஸ் சொல்லாக்கியதும் அதுவேயன்றோ!

இந்தக் கேலி இவ்வளவு விரைவாகப் பற்றிக்கொண்டதற்கு என் மனத்தில் படும் காரணம் ஒன்றுண்டு. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 75 நாட்கள், அன்றைய முதலமைச்சரின் உடல்நிலை பற்றிய அறிக்கைகளைத் தமிழ்நாடே காத்திருந்து படித்தது. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் மக்கள் தவித்த காலம் அது. மருத்துவமனை அறிக்கையின் நடை ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகியிருந்தது. மூன்றாண்டு கழித்து ஒரு கற்பனை மனிதருக்காக அதே நடையில் அறிக்கை எழுத எல்லோராலும் முடிந்ததற்கு அந்தப் பயிற்சி உதவியிருக்கும் என்றே கருதுகிறேன். அரசியல் மேடைகளில் பேசத் துணியாததை ஓர் உடைந்த தலையின் மேல் ஏற்றிச் சொன்னார்கள்.

மற்றொன்று, அந்த நடிகரின் நிலை. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்த பின் வடிவேலுக்குப் பட வாய்ப்புகள் வெகுவாகக் குறைந்தன. திரையில் காணக் கிடைக்காத அக்காலத்தில்தான் அவருடைய முகம் வீடுதோறும் கைபேசிகளில் உலவியது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது, தேர்வில் தோற்பது, மாமியார் வருவது என எந்தச் சூழலுக்கும் பொருந்தும் ஒரு வடிவேலு படம் இருந்தது. மீண்டும் பெயர்சொல்லும் படமாக 2023-இல் ‘மாமன்னன்’ வந்தது. அதில் அவர் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

பிள்ளைகள் இதை ஏதோ தங்கள் காலத்தின் கண்டுபிடிப்பு என்று கருதுகிறார்கள். அரபுலகில் ஜுஹா என்றொரு கோமாளியின் பெயரால் வேடிக்கைக் கதைகள் வழங்கின. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், தம் காலத்து நூல்களைப் பட்டியலிட்டபோது ஜுஹாவின் வேடிக்கைகள் என்ற ஒரு தொகுப்பையும் அதில் சேர்த்திருக்கிறார். பின்னர் அதே கதைகள் துருக்கி நாட்டில் நஸ்ருத்தீன் ஹோஜாவின் பெயரில் ஏறிக்கொண்டன; மத்திய ஆசியாவிலும் இந்தியாவிலும் முல்லா நஸ்ருத்தீன் கதைகளாயின. சில கதைகள் வேறு வேடம் புனைந்து தெனாலிராமனிடமும் போய்ச் சேர்ந்துள்ளன. 2022-இல் அஸர்பைஜான், துருக்கி, உஸ்பெகிஸ்தான் உள்ளிட்ட ஏழு நாடுகள் ஒன்றுகூடி, நஸ்ருத்தீன் கதை சொல்லும் மரபை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. கதையை முதலில் சொன்னவர் யார் என்று ஏழு நாடுகளுக்கும் தெரியாது.

எங்கள் சேவூர், ஆரணி வட்டாரத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஒருவர் ஜக்கார்டு அட்டை குத்தி ஒரு புதிய புட்டா போடுகிறார். முகூர்த்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தெருவில் அதே புட்டா சற்றுச் சிறுத்துக் கரையில் ஏறியிருக்கும். அடுத்த ஊரில் நிறம் மாறி முந்தியில் வந்திருக்கும். மறு ஆண்டு கடைக்காரர் அதையே காட்டி, ‘இது பழங்கால டிசைன்’ என்பார். முதலில் குத்தியவர் தம் தறியில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி, மதரஸாவில் ஒரு பெரிய பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘ஹஜ்ரத், நேசமணிக்குத் தலை உடையவே இல்லை. உடைந்தது என்று எழுதுவது பொய்தானே? அதை அனுப்புவது கூடுமா?’ என்றான். பரிகாசமாகக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையை வெறுத்தவர்கள் அல்லர். வாகனமாக ஓர் ஒட்டகம் வேண்டிவந்த ஒருவரிடம், பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாகக் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் விழித்தபோது, எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இது பதிவாகியுள்ளது. கேட்டவர் ஒரு கணம் ஏமாந்தார். ஆனால் சொல்லப்பட்டதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. தாம் வேடிக்கையாகப் பேசும்போதும் உண்மையையே பேசுவதாக நபியவர்கள் தோழர்களிடம் தெரிவித்திருக்கிறார்கள். மறுபுறம், மக்களைச் சிரிக்கவைப்பதற்காகப் பொய்யுரைப்பவனுக்குக் கேடு உண்டு என்ற கடுமையான எச்சரிக்கையும் நபிமொழியில் இருக்கிறது. உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் பொருளை மற்றவர்கள் விளையாட்டாக எடுத்து, அவர் விழித்துப் பதறியபோது, ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று தடுத்ததும் அபூதாவூதில் உண்டு.

இவற்றையெல்லாம் வைத்து அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இது. கதை என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தால் அது கதை. முல்லாவின் கழுதை பேசியது என்று நான் வகுப்பில் சொன்னால், என்னைப் பொய்யன் என்று எவரும் சொல்வதில்லை. தெரியாதவர் ஒருவர், ‘நேசமணி நலமா?’ என்று மெய்யாகவே கேட்டு, அவரிடமும் ‘கவலைக்கிடம்’ என்று பதில் சொன்னால், அந்த இடத்தில் அது பொய்யாக மாறுகிறது. ‘அப்படியானால் அனுப்பும்போது கீழே நகைச்சுவை என்று எழுதிவிடலாமா ஹஜ்ரத்?’ என்றான். எழுதினால் சிரிப்பு வராதே என்று பக்கத்தில் இருந்தவன் முணுமுணுத்தான். அவன் சொன்னதும் சரிதான்!

இங்கே ஓர் அறிஞரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 597-இல் பக்தாதில் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தேடிப் பிடித்து ‘மவ்ளூஆத்’ என்ற நூலில் தொகுத்தவர்கள். நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவோரை அவர்கள் சிறிதும் விட்டுவைக்கவில்லை. அதே அறிஞர்தான் மூடர்களின் வேடிக்கைக் கதைகளைத் தனி நூலாகத் தொகுத்துத் தந்து வாசகர்களைச் சிரிக்கவும் வைத்தார்கள். ஒரே கையால் இரண்டு நூல்களையும் எழுதுவதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. எது எந்த அலமாரிக்கு உரியது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கைபேசியிலோ அலமாரியே கிடையாது. மரண அறிவிப்பும், துஆவும், நேசமணியும், சமையல் குறிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது நம் சமுதாயத்தையும் தொட்டுச் சென்றது. மேட் ஃப்யூரி என்ற ஓவியர் 2005-இல் தம் சித்திரக் கதை ஒன்றில் பெப்பே என்றொரு தவளையை வரைந்தார். சோம்பேறியான, யாருக்கும் தீங்கு செய்யாத தவளை. இணையத்தில் இளைஞர்கள் அதை எடுத்துத் தம் இஷ்டத்திற்கு அழவும் சிரிக்கவும் வைத்தனர். மெல்ல மெல்ல இனவெறியர்கள் அதற்குத் தங்கள் சின்னங்களை அணிவித்தனர். 2016-இல், வெறுப்பைக் கண்காணிக்கும் ஓர் அமெரிக்க அமைப்பு அத்தவளையை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்தது. மறு ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில், பள்ளி ஒன்றின் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர் அதே தவளையை நாயகனாக வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதில் வில்லன், தாடி வைத்த ஒரு முதலை. யாரைக் குறித்து வரையப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃப்யூரி பொறுக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டு அந்நூலின் விற்பனையை நிறுத்தினார். அதுவரை கிடைத்த இலாபம் 1,521 டாலர் 54 சென்ட். அத்தொகை முழுவதும் அமெரிக்க முஸ்லிம்களின் உரிமைக்காகப் பாடுபடும் ‘கேர்’ என்னும் அமைப்புக்குச் செலுத்தப்பட வேண்டும் என்று உடன்பாட்டில் எழுதி வாங்கினார். அந்த ஓவியர் முஸ்லிம் அல்லர். ஒரு தவளைக்காக அவர் கொண்ட ரோஷம் மெச்சத்தக்கது. ஆயினும் அவராலும் தவளையை முழுமையாக மீட்க முடியவில்லை. வெறுத்துப்போய், 2017-இல் தம் சித்திரக் கதையில் அதற்கு இறுதிச் சடங்கே நடத்திக் காட்டினார். பின்னும் அது உலகில் உலவிக்கொண்டுதான் இருந்தது. 2019-இல் ஹாங்காங் நகரில் ஆட்சியை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் அதே தவளையைத் தங்கள் தோழனாக ஏந்தினார்கள். வரைந்தவனுக்கே தன் வரைபடத்தின் மேல் அதிகாரமில்லை.

நகைச்சுவையோடு நிற்பதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். நேசமணிக்கு ஓராண்டு முன்னர், 2018 மே 9 அன்று, எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் குலதெய்வக் கோவிலைத் தேடிக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் திரிகிறது என்று அந்நாட்களில் ஒவ்வொரு கைபேசியிலும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடியது. 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன்வந்தோர் படுகாயமுற்றனர். மிட்டாய் கொடுத்த கை அது.

அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளில் இவ்வாறே உயிர்கள் பறிபோயின. மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஜூலை முதல் நாள் ஐந்து பேர் ஒரே இடத்தில் கொல்லப்பட்டனர். பரவிய காணொளிகளுள் ஒன்று, இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியில் குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படுகிறது. எச்சரிக்கை வாசகமும் காட்டப்படுகிறது. யாரோ ஒருவர் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார். பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு சுத்தியல் படம் தமிழ்நாட்டைச் சிரிக்கவைத்தது. அதே நாட்டிலிருந்து நற்சிந்தனையோடு புறப்பட்ட ஒரு படம், வால் அறுபட்டு வந்து இந்தியாவில் உயிர் குடித்தது. இரண்டும் வந்த பாதை ஒன்றே. அனுப்பிய விரல்களும் ஏறக்குறைய ஒரே விரல்கள்தாம்.

இதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம் விழித்தது. 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பிட்டது. பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்தியின் தலையில் அதைக் குறிக்கும் அடையாளத்தையும் இட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அந்த 2020 ஏப்ரல் நமக்கு எப்படிப்பட்ட மாதம்! தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் ஜமாஅத்தைக் காரணம் காட்டி, நோயோடு ‘ஜிஹாத்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டிக் கேலிப்படங்கள் பொழிந்தன. தொப்பியும் தாடியும் வரைந்தாலே போதும், கிருமி என்று பொருள். காய்கறி விற்கும் நம் சகோதரர்களிடம் வாங்காதீர்கள் என்ற படங்களும் வந்தன. குணமடைந்த தப்லீக் அன்பர்கள் பலர் பிறர் உயிர் காக்கப் பிளாஸ்மா கொடுத்தார்கள். அந்தச் செய்தி அந்த வேகத்தில் பரவவில்லை. ஆகஸ்டு 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டவர்மேல் போடப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் பதிவு செய்தது. தீர்ப்பு வந்தபோது படங்களை அனுப்பியவர்கள் வேறு படங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

நாம் பாதிக்கப்பட்டபோது நமக்கு வலித்தது. நம் வீட்டுக் கைபேசியிலிருந்து புறப்படும் படம் யாருக்கு வலிக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். எங்கள் பகுதியில் நிக்காஹ் விருந்து ஒன்றில், நாற்காலியில் அமர்ந்தபடியே வாய் திறந்து உறங்கிவிட்ட முதியவர் ஒருவரை ஓர் இளைஞன் படமெடுத்தான். சாப்பாட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து மயங்கியவர் என்ற கருத்தில் ஒரு திரைப்பட வசனத்தை மேலே பொருத்தினான். பத்துப் பேர் கொண்ட நண்பர் குழுவில்தான் போட்டான். இரண்டு நாளில் அது ஆரணி, வேலூர் கடந்து, ரியாத்தில் வேலை செய்யும் அம்முதியவரின் பேரனுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவருக்கு அது யார் என்று தெரியாது.

அம்முதியவர் பட்டு நூலுக்குச் சாயமேற்றும் தொழிலாளி. முகூர்த்தச் சீசனில் நூல் கேட்டுத் தறிக்காரர்கள் நெருக்கியதால், முந்திய இரவு முழுவதும் கொதிக்கும் அண்டாவின் முன் நின்றுவிட்டு, பஜ்ரு தொழுது, அப்படியே குளித்து விருந்துக்கு வந்தவர். விரல் நகங்களில் அரக்கு நிறச் சாயம் இருந்ததைப் படத்தை உற்றுப் பார்த்தால் காணலாம். எவரும் உற்றுப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் விருந்துகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அழைக்கச் சென்றால், ‘உடம்பு சரியில்லை’ என்பார்.

அந்த இளைஞன் கெட்டவனல்லன். செய்தி தெரிந்ததும் அவன் தந்தையே அவனை அழைத்துக்கொண்டு முதியவரின் வீட்டுக்குப் போனார். நானும் உடன் சென்றேன். பையன் அழுதான். ‘போகட்டும் தம்பி, சின்னப் பிள்ளை’ என்று அவர் ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். தேநீரும் வந்தது. புறம்பேசியவன், பேசப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிஞர்கள் விதித்திருக்கிறார்கள். பையன் தன் பங்கைத் தீர்த்துக்கொண்டான். ஆனால் அதைக் கண்டு சிரித்து, அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட ஆயிரக்கணக்கானோர் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்? அவர்கள் ஒவ்வொருவரும் ‘நான் உருவாக்கவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்றுதான் சொல்வார்கள்.

திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயமான அந்நூரில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் கிளப்பிய அவதூறு பற்றிய வசனங்கள் உள்ளன. பயணத்தில் கழுத்தணி ஒன்றைத் தேடிச் சென்று பின்தங்கிய ஒரு நிகழ்ச்சி, மதீனா நகரில் ஏறக்குறைய ஒரு மாத காலம் வாய்க்கு வாய் மாறியது. அதை உருவாக்கியவன் ஒருவன். பரப்பியவர்களுள் நல்லவர்களும் இருந்தார்கள் என்பதே நெஞ்சை உறுத்துவது. 15-ஆம் வசனத்தில் இறைவன், அச்செய்தியை அவர்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டதாகக் குறிப்பிடுகிறான். செய்தியை வாங்குவது செவியல்லவா? விரிவுரையாளர்கள் இந்த இடத்தில் நின்று விளக்குகிறார்கள்: காதில் விழுந்தது மனத்துக்குள் இறங்கி ஆராயப்படுவதற்கு இடமே தராமல் நேரே நாவுக்கு வந்துவிட்டது, ஆகவே நாவால் வாங்கியதாகச் சொல்லப்பட்டது என்று. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பெருவிரல் நாவாகிவிட்ட காலம் இது.

அதே நாட்களில் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்த உரையாடல் ஒன்றை வரலாற்று நூல்கள் தருகின்றன. ஊரார் பேசுவதைக் கேட்டீர்களா என்று மனைவி கேட்க, நீ அப்படிச் செய்வாயா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார் அம்மையார். ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்றார்கள். அந்த வீட்டோடு பேச்சு நின்றது. ஆராய்ச்சியோ, சாட்சி விசாரணையோ ஏதும் அங்கே நடக்கவில்லை. கணவனும் மனைவியும் அடுப்படியில் பேசிக்கொண்ட நான்கு வார்த்தைகள்தாம். நம் இல்லங்களில் குடும்பக் குழுவை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்களே ஆதலால், இதை அவர்களுக்கென்றே எடுத்து எழுதுகிறேன்.

மதரஸாப் பையனின் கேள்விக்கு என் பதிலை அறிந்த அன்பர் ஒருவர், உயிருள்ளவற்றின் படத்தைக் கைபேசியில் வைத்திருப்பதே கூடுமா என்று நீண்ட மடல் ஒன்று எழுதியிருக்கிறார். எகிப்து நாட்டு அறிஞர்களும் தேவ்பந்த் அறிஞர்களும் அதில் கொண்டுள்ள கருத்துக்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இடம் போதவில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.